அத்தை பாடக் கூடாத பாட்டு

அத்தியாயம் 9

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்பார்கள். சென்னப்பன் மேஸ்திரி மைசூரில் நாற்பது வீடு கட்டியவர். கல்யாணம் மட்டும் இதுதான் முதல் தடவை. முதல் தடவையே தளம் ஒழுக ஆரம்பித்துவிட்டது.

ஒழுகவிட்டது அவருடைய சின்ன மகள் உமாதேவி என்பது வாராவாரம் கூட வருகிறவர்களுக்குத் தெரியும். இந்த வாரம்தான் வந்து உட்கார்ந்தவர்கள் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், சுருக்கமாகச் சொல்லிவிடலாம்.

உமா ஒரு ரெக்கார்டிங் ஸ்டுடியோவில் கீபோர்டு வாசிக்கிறவள். ஆறு மாதம் முன்பு ஒரு நாள் அவளுடைய மியூசிக் டைரக்டருக்குக் காய்ச்சல். அன்றைக்குப் பார்த்து டிவி சீரியல் எடுக்கிற டைரக்டர் நஞ்சுண்டசாமி வந்து நின்றார். "ஒருத்தன் படி ஏறுறான்மா. மெதுவா ஏறுறான். அதுக்கு ஒரு ட்யூன் வேணும்," என்றார்.

வேறு யாராக இருந்தாலும் தலையைச் சொறிந்திருப்பார்கள். உமாவுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. படி ஏறுவதற்கென்று அவளுக்கு ஒரே ஒரு மெட்டுதான் தெரியும். அவள் அப்பாவின் வகையறாவில் கல்யாணப் பெண் மணமேடை ஏறும்போது அத்தை பாடுகிற படியேத்துப் பாட்டு. படிக்கு ஓர் அடியாக அத்தை பாடுவாள், பெண் ஏறுவாள். அந்த மெட்டை எடுத்து, வேகத்தை நாலில் ஒரு பங்காகக் குறைத்து, புல்லாங்குழல் சத்தத்தில் வாசித்துக் கொடுத்துவிட்டு உமா மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்விட்டாள்.

அதுதான் ‘மூரனே மெட்டிலு’. மூன்றாம் படி என்று அர்த்தம். வியாழக்கிழமை எட்டரைக்கு வருகிற கொலைக் கதை. யாராவது ஒருவர் படி ஏறுவார், மெட்டு கூடவே ஏறும், மூன்றாவது படியில் மெட்டு நின்றால் ஆள் காலி. கேபிள் போட்ட வீடுகளில்கூட வியாழக்கிழமை மட்டும் தூர்தர்ஷன்தான். மைசூரில் பல வீடுகளில் குழந்தைகள் தனியாக மாடிக்குப் போவதை நிறுத்திவிட்டார்கள்.

இத்தனை நடந்தும் உமாவின் வீட்டில் யாருக்கும் அது தங்கள் பாட்டு என்று தெரியவில்லை. கண்டுபிடித்தது, அக்கா ஜோதிமணிக்கு மாமியாராக வரப்போகிற பசம்மா. நிச்சயதார்த்தத்தன்று உமாவின் அம்மா பொன்னம்மா, "எங்கள்ல இப்படி ஒரு வழக்கம் உண்டு," என்று பெருமையாக ஹம் செய்து காட்டியபோது பசம்மாவின் கையிலிருந்த பாயசக் கிண்ணம் ஆடியது. அந்தக் கொலை மெட்டு தன் மகன் கல்யாணத்தில் கேட்கவே கூடாது என்று பொன்னம்மாவிடம் அப்போதே வாக்கு வாங்கிக்கொண்டார். இரண்டு மெட்டும் ஒன்றாக இருப்பது ஏதோ தற்செயல் என்றுதான் அவர் நினைத்தார். வீட்டுக்குத் திரும்பியதும் உமா அப்பாவிடம் உண்மையைச் சொன்னாள். அன்றோடு சென்னப்பன் மகளிடம் பேசுவதை நிறுத்தினார். ஏழு வாரமாயிற்று.

இன்று கல்யாணம்.

காலை ஆறரை மணிக்கு மண்டபத்துச் சமையல்கட்டில் உப்புமா கிளறிக்கொண்டிருந்தார்கள். வாசலில் உமா கோலப்பொடி டப்பாவோடு அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றாள். சென்னப்பன் வந்தார். அவளுக்கு இரண்டடி தள்ளி நின்றுகொண்டு மனைவியைப் பார்த்துப் பேசினார்.

"பொன்னா, எட்டு மணிக்கு எங்கக்கா பஸ் ஸ்டாண்டுல எறங்கும். யாராவது போய்க் கூட்டிட்டு வரணும்."

"யாரை அனுப்பட்டும்?"

"கெடுத்தவங்க போகட்டும். பாட வேண்டாம்னு அவங்களே சொல்லட்டும்."

அவர் போய்விட்டார். பொன்னம்மா மகளின் தோளைத் தொட்டார்.

"உங்கப்பாவும் மூணு கடுதாசி எழுதிப் பார்த்தாரு கண்ணு. மூணையும் கிழிச்சுப் போட்டாரு. பெரிய அக்கா, தாய் மாதிரி. பாடாதேன்னு எப்படி எழுதறது? அத்தை பாடாத கல்யாணத்துல அத்தைக்கு எடமில்லைன்னு அர்த்தம். ஒரேயடியா ஒறவு விட்டுப் போச்சுன்னா?"

மணப்பெண் அறையில் ஜோதிமணிக்கு ஜடை தைத்துக்கொண்டிருந்தார்கள். தலையை அசைக்க முடியாததால் கண்ணாடி வழியாகவே தங்கையைப் பார்த்தாள்.

"எனக்குப் பாட்டு இல்லைன்னாலும் பரவால்ல உமா. அத்தை மனசு விட்டுப் போகாம பாத்துக்கோ, அஷ்டே. அது போதும்."

"சரிக்கா," என்றாள் உமா. எப்படி என்று அவளுக்குத் தெரியவில்லை.

பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் ஆட்டோக்காரர் சிக்னலில் நிற்கும்போதெல்லாம் விசிலடித்தார். என்ன மெட்டு என்று சொல்ல வேண்டியதில்லை. மூன்றாம் படியில் சரியாக நிறுத்தினார். உமா ரோட்டைப் பார்த்துக்கொண்டாள்.

மாதம்மா அத்தைக்குப் பாலாற்றுக்கு அந்தப் பக்கம், கொளத்தூரை ஒட்டி ஒரு மிளகாய்த் தோட்டம். அங்கே ஆண்டெனாவை எந்தப் பக்கம் திருப்பினாலும் மெட்ராஸ்தான் வரும். மூரனே மெட்டிலு என்றால் என்னவென்றே அந்த ஊரில் தெரியாது. இருட்டிய பிறகு காட்டுச் செக்போஸ்ட்டில் பஸ்ஸை விடமாட்டார்கள் என்பதால் முந்தின நாளே எல்லை தாண்டி, ராமாபுரத்தில் சொந்தக்காரர் வீட்டில் தங்கி, விடியற்காலை பஸ்ஸைப் பிடித்திருந்தார். நாலு நாள் தங்குகிற ஆளுக்கு உரிய பெரிய பையோடு இறங்கினார்.

"ஏங்கண்ணு, இப்படி எளைச்சுப் போயிட்டே? உங்கப்பன் சோறு போடறானா இல்லியா?"

"போடறாருத்தை. வாங்க, காபி குடிக்கலாம்."

"காபி வேண்டாஞ்சாமி, சுடுதண்ணி போதும். ரெண்டு நாளா தொண்டைக்கு மிளகுக் கசாயம் குடிச்சுக்கிட்டு இருக்கறேன். பஸ்ஸுல சன்னலோரம்கூட உக்காரல, காத்து பட்டா கட்டிக்கும்னு." கன்னத்தில் ஒரு பக்கம் உப்பியிருந்தது. அதிமதுரத் துண்டை ஒதுக்கி வைத்திருந்தார்.

உமா ஓட்டல் பெஞ்சில் உட்கார்ந்தாள். ஆட்டோவில் வரும்போது ஏழெட்டு விதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தாள். எல்லாம் மறந்துபோயிற்று.

"அத்தை, இன்னிக்கு நீங்க பாட வேண்டாம்."

"ஏன், வேற யாராச்சும் பாடறாங்களா?"

"யாருமே பாட வேண்டாம்னு..."

அப்புறம் ஒன்றுவிடாமல் சொன்னாள். நஞ்சுண்டசாமி, படி, மெட்டு, பசம்மா, பாயசக் கிண்ணம் எல்லாவற்றையும். சொல்லி முடித்ததும் மாதம்மா சுடுதண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"என்ற பாட்டு டிவியில வருதா?"

"வருதுத்தை."

"எத்தன வாரமா?"

"இருபத்திரண்டு வாரம்."

"எத்தன பேரைக் கொன்னாங்க?"

உமா மனசுக்குள் எண்ணிப் பார்த்தாள். "ஒம்பது பேர்."

"நான் முப்பது வருசத்துல பதினோரு பொண்ணுங்களை மேடை ஏத்தியிருக்கறேன். நீ ஆறு மாசத்துல ஒம்பது பேரை முடிச்சுட்டே." சிரிக்கிறாரா என்று உமா பார்த்தாள். கண்டுபிடிக்க முடியவில்லை. "பேரு போட்டாங்களா?"

"யார் பேரு?"

"என்ற பேருதான். பாட்டு என்றதுதானே?"

"இல்லைத்தை. என் பேரே போடலை. எங்க மியூசிக் டைரக்டர் பேருதான் வரும்."

"அப்ப ரெண்டு பேருமே ஏமாளிங்க."

இவ்வளவுதானா, கோபமில்லையா என்று உமா மூச்சு விட்டாள். அவசரப்பட்டுவிட்டாள்.

"பாட வேண்டாம்னது உங்கப்பனா?"

"இல்லை. மாப்பிள்ளையோட அம்மா. அப்பாவுக்கு உங்ககிட்ட சொல்ற தைரியம் இல்லை."

"வாயிருக்கறவன், ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் என்ன, சண்டை பிடிக்கவா வர்றேன்?" மாதம்மா எழுந்து பையைத் தோளில் மாட்டினார். "செரி கண்ணு. பாடலை. அச்சதை போட்டுட்டு மத்தியான பஸ்ஸுக்குக் கெளம்பிக்கறேன்."

"அத்தை, நாலு நாள் இருக்கறதா..."

"மிளகா காயப் போட்டது போட்டபடி கெடக்குது."

ஆட்டோவில் ஏறியதும் வாயிலிருந்து அதிமதுரத்தை எடுத்து ரோட்டில் போட்டார். வெளி ஓரமாக நகர்ந்து காற்றுப் படும்படி உட்கார்ந்துகொண்டார். உமாவுக்கு அழுகை வந்தது. இந்தக் கோலத்தில் அழுதுகொண்டு மண்டபத்துக்குள் போக முடியாது. அதனால் கோபப்பட்டுக்கொண்டாள், தன் மேலேயே.

மண்டப வாசலில் சென்னப்பன் பையை வாங்கிக்கொண்டார்.

"வாக்கா."

"வந்தேன்."

அவ்வளவுதான் பேச்சு. மாதம்மா பையைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்க் கடைசி வரிசை நாற்காலியில் உட்கார்ந்து அதை மடியில் வைத்துக்கொண்டார். நடுநாயகமாக முன்வரிசையில் இருக்க வேண்டியவர். சென்னப்பன் வெறுங்கையோடு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு யாரோ கூப்பிட்டதாகச் சொல்லிக்கொண்டு சமையல்கட்டுப் பக்கம் போனார். யாரும் கூப்பிடவில்லை.

முகூர்த்தத்துக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. உமா நேராக மாப்பிள்ளை வீட்டார் அறைக்குப் போனாள்.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. அந்தக் கொலை மெட்டைப் போட்டதே சம்பந்தி வீட்டுப் பெண் என்று தெரிந்தால் பசம்மா என்ன செய்வார் என்று யாருக்கும் தெரியாது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாலும் போவார். அந்தப் பயத்தில்தான் ஏழு வாரமாக வீடே வாயைப் பொத்திக்கொண்டிருந்தது. உமாவுக்கும் அது தெரியும். தெரிந்துதான் கதவைத் தட்டினாள்.

பசம்மா கனத்த உடம்பு, கனத்த மைசூர் பட்டு. மூன்று தலைமுறையாக மைசூரில் இருக்கிற தமிழ்க் குடும்பம். கோபம் வந்தாலும் பயம் வந்தாலும் கன்னடம் முன்னால் வந்து நிற்கும். வியாழக்கிழமை எட்டரைக்கு அவர் வீட்டில் சோறு கேட்டால் கிடைக்காது என்று மாப்பிள்ளை ரவிக்குமாரே ஜோதியிடம் சொல்லியிருக்கிறார்.

"ஏன்மா உமா? திண்டி ஆயிதா, சாப்பிட்டியா?" என்றார்.

"அம்மா, உங்ககிட்ட தனியா ஒரு விஷயம். மூரனே மெட்டிலு ட்யூன் பத்தி."

"அய்யோ, பேடா, வேண்டாம். நல்ல நாளும் அதுவுமா அந்தப் பேச்சு எதுக்கு?"

"அதைப் போட்டது நான்தாம்மா."

பசம்மா கட்டிலில் உட்கார்ந்தார். கையிலிருந்த பூச்சரம் மடியில் விழுந்தது.

"நீயா? வேற யாரோ பேரு வருதல்வா, இல்லையா?"

"அவருக்கு அன்னிக்குக் காய்ச்சல். நான்தான் வாசிச்சேன். ரெண்டு மெட்டும் ஒண்ணா இருக்கறது தற்செயல் இல்லை. எங்க அத்தை பாட்டை எடுத்துத்தான் போட்டேன். படி ஏறுறதுக்கு ட்யூன் கேட்டாங்க, எனக்கு வேற தெரியலை. தப்பு என்னோடது. எங்கப்பா, அத்தை, அக்கா யாருக்கும் இதுல சம்பந்தமே இல்லை."

பசம்மா மடியில் கிடந்த பூச்சரத்தை எடுத்து ஓரமாக வைத்தார். வெளியே நாதஸ்வரக்காரர் சீவாளியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த மூணாவது படியில நிக்குதே, அப்போ எனக்கு நெஞ்சு இங்க வந்து அடைச்சுக்கும்," என்று பசம்மா தொண்டையைத் தொட்டுக் காட்டினார். "ரவி அப்பா போனப்புறம் எனக்கு இவன் ஒருத்தன்தான். இவன் பெண்டாட்டி அந்தப் பாட்டுல படி ஏறுனா, நான் எப்படிப் பாத்துட்டு நிக்கறது, ஹேளு, நீயே சொல்லு? சும்னே வீம்புக்குச் சொல்றேன்னு நெனைக்காதே."

இந்த அம்மாளை வீம்புக்காரி என்றுதான் உமா இத்தனை நாளும் நினைத்திருந்தாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது. தான் ஸ்டுடியோவில் உட்கார்ந்து விளையாட்டுப்போல் வாசித்துவிட்டு வந்ததற்கு ஒருவர் இருபத்திரண்டு வாரமாக நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

"அம்மா, டிவியில வர்றது முழுசு இல்லை. பாட்டுல நாலு அடி உண்டு. நான் நாலும் வாசிச்சேன். நாலாவது வந்தா ஜனங்களுக்குப் பயம் போயிடும், வெட்டுன்னு டைரக்டர் சொல்லிட்டார். அதையும் ஒரு தடவை கேட்டுடறீங்களா?"

பசம்மா வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார். பிறகு, பாடு என்று கையைக் காட்டினார்.

உமா வார்த்தையில்லாமல் ஹம் செய்தாள். முதல் அடி, இரண்டாவது அடி. பசம்மாவின் கை படுக்கை விரிப்பைப் பற்றியது. மூன்றாவது அடி உச்சிக்குப் போய் நின்றது. பசம்மா கண்ணை மூடிக்கொண்டார். உமா நிறுத்தாமல் நாலாவது அடிக்குப் போனாள். ஏறிய சுரமெல்லாம் ஒவ்வொன்றாக இறங்கி வந்து உட்கார்ந்தன.

பசம்மா கண்ணைத் திறந்தார்.

"இன்னொரு தடவை."

இன்னொரு தடவை ஆயிற்று. மூன்றாம் தடவையும் கேட்டார். அப்புறம் ஜவுளிக்கடையில் பேரம் பேசுகிறவரைப் போல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"உங்க அத்தைக்கு என்ன வயசு?"

"அறுபத்தொண்ணு."

"இருமல் கிருமல் உண்டா?"

"இல்லைம்மா."

"நடுவுல நிறுத்தக் கூடாது. யாரு செத்தாலும், சே, வாயில என்ன வருது பாரு. என்ன ஆனாலும் முடிச்சுடணும். மூணாவது அடியில நின்னுச்சுன்னா, உமா, அப்புறம் நான் உன்கிட்ட ஜென்மத்துக்கும் பேச மாட்டேன்."

பேசாதவர்கள் பட்டியலில் ஏற்கனவே அப்பா இருக்கிறார், இன்னொருவர் கூடினால் என்ன என்று நினைத்துக்கொண்டு உமா கதவைத் திறந்தாள்.

"நில்லு," என்றார் பசம்மா, குரலைத் தாழ்த்தி. "கொலைகாரன் யாருன்னு உனக்குத் தெரியுமா?"

"அதைச் சொல்லக் கூடாதும்மா."

"வக்கீல்தானே?"

உமா ஓடியே போய்விட்டாள்.

கடைசி வரிசையில் மாதம்மா விசிறிக்கொண்டிருந்தார்.

"அத்தை, நீங்க பாடணும். அவங்களே சொல்லிட்டாங்க."

"காலையில ஒரு தீர்ப்பு, இப்ப ஒரு தீர்ப்பா? தொண்டைய காத்துல காட்டிட்டேன், போ."

"நடுவுல மட்டும் நிறுத்தக் கூடாதாம்."

மாதம்மாவுக்கு ரோசம் வந்துவிட்டது. "நானா நிறுத்துவேன்? முப்பது வருசத்துல ஒருக்கா நிறுத்தியிருக்கறனா, உங்கப்பனைக் கேளு." பையைப் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்து, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டார்.

நாதஸ்வரம் நின்றது. ஜோதிமணி படிக்குக் கீழே வந்து நின்றாள். மேடைக்கு மூன்றே படி. மேலே பசம்மா, மகனுக்குப் பக்கத்தில், இரண்டு கையையும் கோத்துக்கொண்டு நின்றார். தூணோரம் நின்ற சென்னப்பனுக்கு நடந்தது எதுவும் தெரியாது. அக்கா முன்னால் வருவதைப் பார்த்ததும் அவர் தடுக்க ஓரடி எடுத்து வைத்தார். அதற்குள் மாதம்மா ஆரம்பித்துவிட்டார்.

"ஒண்ணாம் படியேறு எங்க தங்கமே – ஒன்
ஒட்டாரம் கீழவிட்டு ஏறு தங்கமே..."

ஜோதி வலது காலை எடுத்து வைத்தாள். முந்நூறு பேர் இருந்த கூடத்தில் ஏதோ ஒரு சலசலப்பு.

"ரெண்டாம் படியேறு எங்க ரத்தினமே – ஒன்
ரோசத்தில் பாதிவிட்டு ஏறு ரத்தினமே..."

"அம்மா, மூரனே மெட்டிலு!" என்று ஒரு குழந்தை கத்தியது.

அவ்வளவுதான். கூடம் முழுக்கப் பற்றிக்கொண்டது. "ஹௌது ஹௌது, அதே." "கல்யாணத்துல போய் இதையா?" யாரோ சிரித்தார்கள். யாரோ எழுந்து நின்றார்கள். கத்திய குழந்தை இப்போது அழ ஆரம்பித்தது.

மாதம்மா பதினோரு கல்யாணத்தில் பாடியவர். பாட்டுக்குக் கூடம் எழுந்து நின்று அவர் பார்த்ததில்லை.

"மூணாம் படியேறு எங்க முத்தழகே – நீ
பின்னாலே திரும்பாம..."

பாடுகிறவர் திரும்பிவிட்டார். என்ன நடக்கிறதென்று கூட்டத்தைப் பார்த்தார். குரல் நின்றது.

சரியாக மூன்றாவது படியில்.

ஜோதியின் ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே. கையிலிருந்த தேங்காயை அவள் மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். கூடத்தில் எழுந்தவர்கள் அப்படியே நின்றார்கள். அந்த இடத்தில் மெட்டு எத்தனை நொடி நிற்க வேண்டும் என்று ஸ்டாப் வாட்ச் வைத்து அளந்து கொடுத்தவள் உமாதான். இப்போது அவள் தொண்டையிலிருந்து ஒரு சுரமும் வரவில்லை. கெட்டது, எல்லாம் கெட்டது என்று நினைத்தாள்.

அப்போது மேடையிலிருந்து ஒரு குரல் வந்தது.

பசம்மா கண்ணை இறுக மூடியிருந்தார். பாட்டின் சொல் அவருக்குத் தெரியாது. மெட்டுதான் தெரியும், அதுவும் அரை மணிக்கு முன்பு மூன்று தடவை கேட்டது. வாயை மூடிக்கொண்டு, மூக்காலேயே, நாலாவது அடியை அவர் இழுத்தார். சுரம் ஒரு இடத்தில் வழுக்கியது. விடவில்லை. ஒரு கையை ஜோதியின் பக்கம் நீட்டினார்.

மாதம்மா சட்டென்று திரும்பினார். யார் தன் பாட்டை எடுத்தது என்று ஒரு கணம் பார்த்தார். பிறகு அந்த மூக்குப் பாட்டோடு போய்ச் சேர்ந்துகொண்டார்.

"ஏறியாச்சு கண்ணே எளைப்பாறு கண்ணே – நாங்க
எல்லாரும் இங்கிருக்கோம் உக்காரு கண்ணே..."

ஜோதி மாமியாரின் கையைப் பிடித்து மேடைக்கு ஏறினாள். கூடம் மொத்தமும் ஒரே சமயத்தில் மூச்சு விட்டது போலிருந்தது. இருபத்திரண்டு வாரமாகப் பாதியில் நின்ற மெட்டு முடிந்ததே, அதற்குத்தான். பின்வரிசையில் ஒருவர் கைதட்ட, கல்யாணத்தில் கைதட்டலாமா என்று பக்கத்திலிருந்தவர் அதட்ட, மேளக்காரர் முந்திக்கொண்டார்.

"யாரும் சாகலையாம்மா?" என்று அந்தக் குழந்தை கேட்டது உமாவுக்கு நன்றாகக் கேட்டது.

உமாவுக்கு அப்போதுதான் அழ நேரம் கிடைத்தது. தூணுக்குப் பின்னால் போய், மனம் தீர அழுதாள். சந்தோஷமாக இருந்தது.

முதல் பந்தியில் மாதம்மாவும் பசம்மாவும் அடுத்தடுத்த இலையில் உட்கார்ந்தார்கள். எதிரே உமா. மத்தியான பஸ்ஸைப் பற்றி அவள் மெல்லக் கேட்டதற்கு, "எந்த பஸ்ஸு? இந்தம்மாளுக்குப் பாட்டு முழுசும் சொல்லிக் குடுக்கறேன்னு சொல்லியிருக்கறேன்," என்றார் மாதம்மா.

"இன்னும் எத்தனை வாரம்மா வரும் அந்த சீரியல்?" என்றார் பசம்மா.

"ரெண்டே வாரம். கடைசி வாரத்துக்குத் திங்கட்கிழமை ரெக்கார்டிங்."

"கடைசியிலயாவது அந்த நாலாவது அடியைப் போடும்மா. ஊரே நிம்மதியாத் தூங்கட்டும்."

"டைரக்டர் ஒத்துக்க மாட்டாரும்மா. கடைசி சீன்லயும் மூணாவது படியிலயே நிக்கணும், ஜனம் திக்குன்னு எழுந்து போகணும்னு கண்டிப்பாச் சொல்லிட்டார்."

சாம்பார் வாளியோடு வந்துகொண்டிருந்த சென்னப்பன் உமாவின் இலை முன்னால் நின்றார். கரண்டியைச் சாய்த்தார்.

"திங்கட்கிழமை எத்தனை மணிக்கு?"

உமா அம்மா எங்கே என்று திரும்பிப் பார்த்தாள். பின்னால் சுவர்தான் இருந்தது. அப்பா அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பத்து மணிக்குப்பா."

"நானும் வர்றேன்."

"எதுக்குப்பா?"

"மூணு படியோட நிறுத்துனா எந்த வீட்டுக்காரனும் கூலி குடுக்க மாட்டான்னு அந்த ஆளுக்கு யாராவது சொல்ல வேண்டாமா?" இன்னொரு கரண்டி ஊற்றினார். "சாப்பிடு. எளைச்சுப் போயிட்டேன்னு அக்கா சொல்லுது."

அடுத்த இலைக்கு நகர்ந்துவிட்டார். உமா குனிந்து சோற்றைப் பிசைந்தாள். யோசனை சொல்ல வந்த தயாரிப்பாளரையே அறைக்கு வெளியே உட்காரவைத்தவர் நஞ்சுண்டசாமி என்பதை அப்பாவிடம் இன்றைக்குச் சொல்ல வேண்டாம் என்று நினைத்துக்கொண்டாள்.